தம்பிக்கு நெறி கட்டியிருக்கு: எங்க குடும்ப குரூப், ஞாயிற்றுக்கிழமை

காலை 7:12

திவ்யா: வித்யா அண்ணி, ஆஸ்பத்திரி டியூட்டில இருக்கீங்களா? தம்பிக்கு வலது தொடை இடுக்குல சுண்டைக்காய் அளவு கட்டி. தொட்டா கத்துறான். ராத்திரி லேசா காய்ச்சல். கூகுள்ல தேடினா என்னென்னமோ வருது 😭

வித்யா அண்ணி: முதல்ல கூகுளை மூடு.

சேகர் சித்தப்பா: அப்பாயி பக்கத்துலதான் இருக்காங்க. நெறி கட்டியிருக்கும், கால்ல எங்கயாவது புண் இருக்கா பாருங்கிறாங்க.

வித்யா அண்ணி: அப்பாயி சொன்னதுதான் சரி. கட்டியை விடு, வலது காலைப் பாரு. விரல் இடுக்கு, நகக்கண், உள்ளங்கால் எல்லாம்.

திவ்யா: 📷
திவ்யா: கட்டைவிரலுக்குக் கீழ, உள்ளங்கால்ல. கருவேல முள்ளாம்! வியாழக்கிழமை கிரிக்கெட் ஆடப்போன இடத்துல குத்தியிருக்கு. திட்டுவேன்னு வாயே திறக்கல. சுத்தி சிவந்து சீழ் வெச்சிருக்கு.

பழனி மாமா: ↪️ பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது
*ரத்தத்தைச் சுத்தமாக்கி எதிர்ப்பு சக்தியைப் பத்து மடங்கு கூட்டும் கஷாயம்!! அனைவருக்கும் பகிரவும்* 🙏🙏

வித்யா அண்ணி: மாமா, ரத்தத்தைச் சுத்தம் பண்றது கிட்னியும் ஈரலும். எதிர்ப்பு சக்தி சும்மா கூடினா நல்லதுன்னு இல்ல. சொந்த மூட்டையே தாக்குற முடக்குவாதம் அது தடம் மாறி வர்றதுதான்.

பழனி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: கட்டி மேல மஞ்சள் சுண்ணாம்பு பத்து போடலாமா அண்ணி?

வித்யா அண்ணி: வேண்டாம். தேய்க்காத, அமுக்காத, ஒத்தடமும் வேண்டாம். முள்ளை நீயா நோண்டாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.

காலை 11:40

திவ்யா: முள்ளு எடுத்தாச்சு. அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக். ரத்தம் டெஸ்ட் பண்ணாங்க. டோட்டல் கவுண்ட் (மொத்த வெள்ளை அணு) 13,400, அதுல பாலிமார்ப் 78%. இது அதிகமா?

வித்யா அண்ணி: அவன் வயசுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். இப்ப கூடணும். பாலிமார்ப்ங்கிறது முதல்ல ஓடி வர்ற வெள்ளை அணு. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி செஞ்சு அனுப்புது. சிவப்பணு 120 நாள் வரைக்கும் ஓடும், இது சில மணி நேரமோ ஒண்ணு ரெண்டு நாளோதான். கிருமியைத் தின்னுட்டு அங்கேயே செத்துரும். நீ பார்த்த சீழ்ல பெரும்பாலும் அதுதான்.

சேகர் சித்தப்பா: முள்ளு குத்தினது பாதத்துல. தொடை இடுக்குல ஏன்மா வீங்குது?

வித்யா அண்ணி: ரத்தக்குழாய்லேர்ந்து கொஞ்சம் நீர் சதைக்குள்ள கசிஞ்சுகிட்டே இருக்கும் சித்தப்பா. அதுல மீதியைத் திருப்பிக் கொண்டுபோக தனிக் குழாய் இருக்கு. அதுல ஓடுறதுதான் நிணநீர்.

சேகர் சித்தப்பா: பாய்ச்சுற வாய்க்கால் ஒண்ணு, வடிகால் ஒண்ணு. அப்படித்தானே?

வித்யா அண்ணி: அதேதான் 👏 ஆனா இந்த வடிகாலுக்கு இதயம் மாதிரி மோட்டார் கிடையாது. குழாயே லேசா சுருங்கும், மத்தபடி நாம நடக்குறப்போ சதை அமுக்கி மேல தள்ளும். உள்ள ஒருவழி வால்வு இருக்கிறதால கீழ திரும்பாது. கடைசியில கழுத்தெலும்புகிட்ட ரத்தத்துல போய்ச் சேரும். வழி நெடுக முடிச்சு முடிச்சா இருக்கும், உடம்பு முழுக்க 600 போல. காலுக்கு உண்டான முடிச்சு தொடை இடுக்குல.

வித்யா அண்ணி: பாதத்துல இருக்கிற காவல் அணு ஒண்ணு, கிருமியோட துணுக்கை எடுத்துக்கிட்டு அந்த முடிச்சுக்குப் போகும். அங்க லிம்போசைட்ங்கிற வெள்ளை அணு கோடிக்கணக்குல இருக்கும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அடையாளத்தைத்தான் கண்டுபிடிக்கும். யாருக்கு இது பொருந்துதோ அது மட்டும் ரெண்டாகி நாலாகிப் பெருகும். அதான் முடிச்சு வீங்கி வலிக்குது. அதுங்க செய்ற எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தயாராக இன்னும் சில நாள் ஆகும்.

சேகர் சித்தப்பா: அப்போ யானைக்கால்? நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது கும்பகோணம் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல வந்து, தூங்குறவங்களை எழுப்பி விரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்க. அப்பாயி திட்டித் தீர்ப்பாங்க 😄

வித்யா அண்ணி: காரணம் இருக்கு. யானைக்கால் ஒரு புழுவால வர்றது. அந்தப் புழுவோட குஞ்சு பகல்ல நுரையீரல் பக்கம் பதுங்கியிருக்கும், க்யூலெக்ஸ் கொசு கடிக்கிற ராத்திரி நேரத்துலதான் தோல் பக்கத்து ரத்தத்துக்கு வரும். பெரிய புழு நிணக்குழாய்லயே வருஷக்கணக்கா குடியிருந்து அதைக் கெடுத்துரும். நீர் வடியாம கால் வீங்கிரும். டிஇசி மாத்திரை ஊர் ஊரா கொடுத்தது இதுக்குத்தான். நம்ம வீட்டுல பாதிப்பேர் அதை முழுங்காம ஜன்னல் வழியா எறிஞ்சோம் ☹️

திவ்யா: டிடி ஊசி போடலையே அண்ணி, மறந்துட்டாங்களா?

வித்யா அண்ணி: அஞ்சு வயசுல டெட்டனஸுக்கும் சேர்த்து டிபிடி பூஸ்டர் போட்டது அட்டையில இருக்குல்ல? இப்ப ஒன்பது. அழுக்குக் காயத்துக்கும் கடைசி ஊசி அஞ்சு வருஷத்துக்குள்ள இருந்தா போதும். அன்னைக்குப் பெருகின அணுக்கள்ல கொஞ்சம் நினைவு அணுவா தங்கியிருக்கு. பத்து வயசுல டிடி போட மறக்காத.

திவ்யா: கட்டி எப்ப கரையும்?

வித்யா அண்ணி: வலி ரெண்டு மூணு நாள்ல போகும். கட்டி கரைய ரெண்டு மூணு வாரம்கூட ஆகலாம். தினம் தடவிப் பாக்காத. மாத்திரையைப் பாதியில நிறுத்தாத. ஒரு மாசம் ஆகியும் அப்படியே இருந்தா, இல்ல வலியில்லாம கல்லு மாதிரி இறுகினா, எடை குறைஞ்சா, ராத்திரி வேர்த்து நனைஞ்சா காட்டணும். கழுத்துல வந்து கரையாம இருந்தா நம்ம ஊர்ல முதல்ல டிபி இருக்கான்னு பார்ப்பாங்க.

பழனி மாமா: என் கழுத்துல ரெண்டு மாசமா ஒண்ணு இருக்கு. வலியே இல்ல.

வித்யா அண்ணி: மாமா!! இதை ஏன் இத்தனை நாள் சொல்லல? நாளைக்குக் காலைல ஓபிக்கு வாங்க. சீட்டு நான் போட்டு வைக்கிறேன். டாக்டர் பார்த்துட்டு ஊசியால கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. டிபின்னா ஆறு மாச மாத்திரை, அரசாங்கமே இலவசமா கொடுக்குது.

பழனி மாமா: எத்தனை மணிக்கும்மா?

வித்யா அண்ணி: எட்டரைக்கு. அத்தையையும் கூட்டிட்டு வாங்க.