புதிர்ப் படம் நாலு நாள்கூடத் தாங்கவில்லை, யோசனை சொல்லுங்கள்

டீச்சர்கள் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அங்கன்வாடியில் 22 பிள்ளைகள், இரண்டு வயதிலிருந்து ஐந்து வரை. ஒரே அறை. விளையாட்டுச் சாமான் ஒரு பை இருந்தது, அதிலும் பாதி உடைந்துவிட்டது.

சரி என்று மூலையில் ஒரு கடை போட்டோம். காலி சத்துமாவுப் பாக்கெட், தொட்டாங்குச்சி. பழைய பஸ் டிக்கெட்தான் பணம். வாயே திறக்காத நாலு வயதுப் பையன் நேற்று, "கடன் கிடையாது, அப்புறம் வாங்க" என்கிறான்! (அவன் தெருக் கடைக்காரர் குரல் அப்படியே.) நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமலே ஐந்து வரை எண்ணிச் சில்லறை தருகிறார்கள்.

சிக்கல் புதிர்ப் படத்தில்தான். காலண்டர் படத்தை அட்டைப்பெட்டியில் ஒட்டி ஆறு துண்டாக வெட்டினேன். எச்சில் பட்டு ஊறிச் சுருண்டுவிட்டது. பெரிய பிள்ளைகளுக்கு ஆறு துண்டு போதவில்லை. இன்னும் சின்னதாக வெட்டினால் குட்டிகள் விழுங்கிவிடுமோ என்று பயம்.

செலவில்லாமல் யாராவது செய்திருக்கிறீர்களா? அகலமான செலோடேப் சுற்றினால் தாங்குமா? கடை தவிர வேறு என்ன பாவனை விளையாட்டு உங்களிடம் நன்றாகப் போகிறது? போட்டோ இருந்தால் போடுங்கள், பிள்ளைகள் முகம் தெரியாமல்.