முதல் டீமேட் (பங்கு வைக்கிற கணக்கு): ஆப் புரோக்கரா, டவுன் ஆபீஸ் புரோக்கரா?

பாம்பன்காரன்: மாசம் 3,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கிப் போடலாம்னு இருக்கேன். ராமநாதபுரத்துல ஆபீஸ் வச்சிருக்கிற புரோக்கர் 0.5% கமிஷன் சொல்றார். சில ஆப்ல டெலிவரிக்கு (வாங்கி கணக்குல வச்சுக்கிறதுக்கு) கமிஷனே இல்லைங்கிறாங்க. எது சரி அண்ணே?

கீழக்கரை கணக்கு: 10,000 ரூபாய்க்கு வாங்கி அதே விலைக்கு வித்தா 50+50, அதுக்கு 18% ஜிஎஸ்டி, ஆக 118 ரூபாய் போச்சு. எஸ்டிடிங்கிற பங்குப் பரிவர்த்தனை வரி 0.1% வாங்க, விக்க ரெண்டு பக்கமும் எங்க போனாலும் உண்டு. போன்ல சொன்னா ஆர்டர் போட ஆள், ஆலோசனை வேணும்னா அந்த 118 நியாயம். நீங்களே பார்த்து வாங்குவீங்கன்னா ஆப் போதும். ஆனா 'இலவசம்'னு நம்பித் துண்டு துண்டா விக்காதீங்க. விக்கிற ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கம்பெனிப் பங்குக்கும் டிபி சார்ஜ் (டீமேட்ல இருந்து பங்கை எடுக்கிற கட்டணம்) தனி. 1 பங்கு வித்தாலும் 100 வித்தாலும் அதே தொகைதான்.

தொண்டி கரை: பிஎஸ்டிஏ (சின்ன முதலீட்டாளருக்கான அடிப்படை டீமேட்) கணக்கான்னு கேளுங்க. 4 லட்சம் வரை இருப்புக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இல்லை. அதுக்கு உங்க பேர்ல ஒரே டீமேட்தான் இருக்கணும். ஏஜென்ட் கையில ரொக்கமாவோ, அவர் சொந்த ஜிபே நம்பருக்கோ பணம் போகவே கூடாது. புரோக்கரோட செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பதிவு எண் 'ஐஎன்இசட்'னு தொடங்கும், செபி தளத்துல சரிபாருங்க.

பாம்பன்காரன்: போட்ல இருக்கும்போது விக்கணும்னா?

கீழக்கரை கணக்கு: விக்க அனுமதி கொடுக்கிற டிபின் (டீமேட் ரகசிய எண்) போட, ஓடிபி வர சிக்னல் வேணுமே! டிடிபிஐ (விக்கிற பங்கை டீமேட்ல இருந்து எடுக்கப் புரோக்கருக்குத் தர்ற அனுமதிப் பத்திரம்) கையெழுத்துப் போட்டுட்டா விக்கும்போது அந்த ரெண்டும் கேக்காது. கரையிலேயே விலை குறிச்சு ஜிடிடி ஆர்டர் (அந்த விலை வந்தா தானா போற ஆர்டர்) போட்டுட்டுக் கிளம்புங்க.