பார்வையற்றோருக்கான ‘ஸ்மார்ட் கைத்தடி’: பள்ளி புராஜெக்டுக்கு ஏற்றதா? (புனைபெயரில் மூவர் உரையாடல்)

கோட்டோவியம்:
சமூகப் பிரச்சினையும் வடிவமைப்பும் என்ற தலைப்பில் ஒரு மாணவி எழுதிய அறிக்கையின் கடைசிப் பத்தி இது: “மீயொலி சென்சார் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியால் தூரத்தை அளப்பது) பொருத்திய கைத்தடி செய்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். சுவர் வந்ததும் பஸ்ஸர் அடித்தது. பார்வையற்றவர்களின் கஷ்டம் புரிந்தது.”

உழைப்பு தெரிகிறது. ஆனால் சுவர் இருப்பதைச் சாதாரண வெள்ளைக் கைத்தடியே தட்டிச் சொல்லிவிடும். பத்து நிமிஷம் கண்ணைக் கட்டி நடந்தால் திடீரென்று பார்வை போனவரின் பதற்றம்தான் பிடிபடும், வருஷக்கணக்கில் தடியோடு நடப்பவரின் லாகவம் பிடிபடாது. சாலிடரிங் அயர்னை (மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சூட்டுக்கோல்) தொடுவதற்கு முன் தடி பயன்படுத்துபவர்களிடம் கேட்டறிய இரண்டு வாரமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சுற்றுப்பலகை:
ஒத்துக்கொள்ள மாட்டேன். வெறுங்கையோடு போய் “என்ன கஷ்டம்?” என்று கேட்டால் பிள்ளைகள் மனம் நோகாத மாதிரி பொதுவாக நாலு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். அரைகுறையாகவாவது ஒரு கருவியைக் கையில் கொடுங்கள். பிடி வழுக்குகிறது, முன்பக்கம் கனக்கிறது, இந்தச் சத்தத்தில் வண்டி வருவது கேட்கவில்லை என்று அப்போதுதான் வாய் திறப்பார்கள். முதல் வாரமே செய்யட்டும், இரண்டாம் வாரம் உடைத்துத் திரும்பச் செய்யட்டும்.

கோட்டோவியம்:
பஸ்ஸர் விஷயத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வாகன இரைச்சலும் சுவரில் பட்டுத் திரும்பும் காலடி ஓசையும்தான் அவர்களுக்கு வழிகாட்டி. அதன் மேல் பீப் ஒலியைப் போடுவது, இருக்கிற உதவியையும் பிடுங்குவதாகும். இது தெரிந்துகொள்ள புரோட்டோடைப் (மாதிரிக் கருவி) தேவையில்லை, ஒரே ஒரு உரையாடல் போதும்.

சுற்றுப்பலகை:
சரி, பஸ்ஸரை எடுத்துவிட்டு அதிர்வு மோட்டார் வைக்கலாம். ஆனால் செய்து பார்க்கிற பிள்ளைக்குத்தான் இதெல்லாம் தெரியவரும்:

கருவியை இயக்கும் சிறு கணினிப் பலகையான அர்டுயினோ ஊனோவின் ஒரு பின் (இணைப்பு முனை) 20 மில்லி ஆம்பியர் தாங்கும், உச்சபட்சம் 40. மோட்டார் 80 வரை இழுக்கும். நேராக இணைத்தால் அந்த முனை கெட்டுப்போகலாம். நடுவில் மின்சுவிட்சாக 2என்2222 டிரான்சிஸ்டர், அதன் பேஸ் முனையில் 1 கிலோ ஓம் மின்தடை, மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு வேண்டும்.

எல்லோரும் செவ்வக 9 வோல்ட் பேட்டரியை மாட்டுகிறார்கள். அதில் இருப்பது சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி. மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் ஏஏ செல் நான்கைத் தொடராகச் சேர்த்தால் 4.8 வோல்ட், அதை 5 வோல்ட் பின்னில் கொடுக்கலாம். பவர் பேங்க் வைத்தால், இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்று சிலது தானே அணைந்துவிடும்.

அப்புறம் அந்தப் பிரபலமான பிழை: எதிரொலி வரும் நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை, எதிரே எதுவுமே இல்லாமல் காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டால் 0 தரும். “தூரம் 100 செ.மீ.க்குக் கீழ் என்றால் அதிரு” என்று மட்டும் எழுதியிருந்தால், திறந்த மைதானத்தில் தடி அதிர்ந்துகொண்டே இருக்கும். 0க்கு மேல் என்ற நிபந்தனையும் சேர்க்க வேண்டும்.

படிக்கட்டு:
இருவருமே தடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறீர்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஓரளவு பார்வை உண்டு. அவர்களுக்குக் கருவியை விட, கட்டடத்தில் செய்யும் சின்ன மாற்றம் உதவும். பள்ளிப் படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் 50 மில்லிமீட்டர் அகலத்தில், நிறம் மாறுபட்ட, வழுக்காத பட்டை ஒட்டட்டும். படியின் முழு அகலத்துக்கும் வர வேண்டும், ஒரு படி கூட விடுபடக் கூடாது. நிறம் போதுமா என்று பார்க்க, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். பட்டையும் தரையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வேறு நிறம் தேடுங்கள். சிவப்புத் தரையில் பச்சைப் பட்டை பலமுறை இப்படித்தான் தோற்கும்.

கெடுவது ஒட்டும் வேலையில். தூசு துடைக்காமல் ஒட்டினால் ஓரம் எழும்பும், எழும்பிய ஓரமே காலை இடறும். துடைத்து, ஸ்பிரிட் தடவி, முழுக்கக் காய்ந்த பின் ஒட்டி ரோலரால் அழுத்துங்கள். பட்டை முனைகளை வட்டமாக வெட்டினால் எளிதில் உரியாது. பளபளப்பான டேப் வேண்டவே வேண்டாம், வெளிச்சம் பட்டால் கண் கூசும்.

சுற்றுப்பலகை:
படிக்கட்டு சொல்வது நல்ல புராஜெக்ட். ஆனால் பார்வையே இல்லாதவருக்குப் பட்டையால் என்ன பயன்?

கோட்டோவியம்:
அவருக்கும் கைத்தடி எட்டாத ஓர் இடம் உண்டு: தலைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு. தடி தரையைத்தான் தடவும். சென்சார் வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான். அதைத் தடியில் மாட்டாதீர்கள், தடி இடமும் வலமும் வீசப்படும்போது கோணம் மாறிக்கொண்டே இருக்கும். மார்பில் 1.2 மீட்டர் உயரத்தில் பட்டையில் கட்டி, மேல்நோக்கி 15 பாகை சாய்த்தால், 1.5 மீட்டர் தொலைவில் 1.6 மீட்டர் உயரத்தைப் பார்க்கும்.

சுற்றுப்பலகை:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! ஒப்புக்கொள்கிறேன், இது கேட்டறிந்தால் வருகிற விஷயம், சோதித்து வருவதல்ல. ஆனால் அந்த 15 பாகை எல்லார் உயரத்துக்கும் பொருந்தாது. அட்டையில் கீல் வைத்து, கோணத்தை மாற்றக்கூடிய மாதிரி செய்துவிட்டு, அணிபவரிடமே சரிபார்க்கச் சொல்ல வேண்டும். துணி மாதிரி மென்மையான பொருள் மீயொலியை உறிஞ்சும், சாய்ந்த கண்ணாடி வேறு பக்கம் திருப்பிவிடும். இரண்டையும் சோதித்து, எத்தனை முறை தவறியது என்று அறிக்கையில் எழுதட்டும்.

படிக்கட்டு:
“கஷ்டம் புரிந்தது” என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இந்தத் தவறிய கணக்கைப் போடச் சொல்லுங்கள்.