வில்லண்டார்ஃப் பெண்ணுருவம்: கலையா, கையில் புழங்கிய பொருளா?

செங்காவி:
வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் வில்லண்டார்ஃப் பெண்ணுருவத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1908இல் ஆஸ்திரியாவில், டான்யூப் கரையோரம் கிடைத்தது. உயரம் 11 செ.மீ.தான். சுண்ணாம்புக்கல்; மேலே செங்காவி பூசிய தடம். சுமார் 30,000 ஆண்டுப் பழமை. இதற்கு 'வீனஸ்' என்று பெயர் வைத்தபோதே பாதிப் பிழை நடந்துவிட்டது. வீனஸ் என்றதும் அழகுத் தெய்வம், பீடம், தள்ளி நின்று ரசிக்கும் கண் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. இந்த உருவத்துக்கோ பாதமே கிடையாது, தானாக நிற்காது. முகமும் இல்லை. ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும். அப்படியானால் இது பார்ப்பதற்கா, பிடித்துக்கொள்வதற்கா? 'கலை' என்று சொல்லி நகர்ந்துவிடாமல் காட்சிப் பண்பாடாக, அதாவது மக்கள் பார்த்துப் பழகி வாழ்க்கையில் புழங்கிய ஒன்றாக, எடுத்துக்கொண்டால்தான் யார் கையில், எந்த வெளிச்சத்தில், எதற்காக என்ற கேள்விகளே பிறக்கும்.

மலையருவி:
'வீனஸ்' வேண்டாம் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 'கலை'யை ஒதுக்குவதில்தான் வருத்தம். அல்தமிராவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1879இல் ஸ்பெயினில், அந்தக் குகையை ஆராய்ந்துகொண்டிருந்த சாவ்துவோலாவின் சின்ன மகள்தான் குகைக் கூரையில் வரைந்திருந்த எருதுகளை முதலில் கண்டாள். அறிஞர்கள் நம்பவில்லை. ஆதிமனிதனுக்கு இவ்வளவு கைத்திறன் ஏது, இது யாரோ இப்போது வரைந்தது என்றார்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவரான பிரெஞ்சுத் தொல்லியலாளர் கார்த்தையாக் தன் தவற்றை அச்சில் ஒப்புக்கொண்டது 1902இல். சாவ்துவோலா 1888இலேயே இறந்துபோயிருந்தார். அந்த மக்களைக் கலைஞர்கள் என்று ஏற்கவே 23 வருஷம் ஆயிற்று. இப்போது நாமே அதைத் திரும்பப் பிடுங்குவதா? பிரான்சின் ஷோவே குகையில் வரைந்த சிங்கங்களைப் பாருங்கள். சுவரைச் சுரண்டி வெள்ளையாக்கி, கரியைத் தேய்த்து நிழல் கொடுத்திருக்கிறார்கள். அழகு தெரியாதவர் கை அப்படிப் போகாது.

செங்காவி:
திறமையை நான் எங்கே மறுத்தேன்? பிரான்சின் லாஸ்கோ குகையில் 'ஆப்ஸ்' என்றொரு பகுதி இருக்கிறது. நூற்றுக்கணக்கான கீறல் உருவங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. எது குதிரை, எது மான் என்று பிரித்தறியவே கண் வலிக்கும். பிறர் ரசிக்க வேண்டும் என்று நினைத்தவர் இன்னொன்றின் மேலேயே ஏன் கீற வேண்டும்? அங்கே வரைந்து முடித்த படத்தைவிட வரைகிற செயலே முக்கியமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நிழற்கோடு:
இதற்குப் பக்கத்தில் செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சேயையும் வைக்கலாம். அங்கே களிமண் உருவங்கள் சுட்ட துண்டுகளாக ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஈரம் காயாமலே நெருப்பில் போட்டு, வேண்டுமென்றே வெடிக்க வைத்திருக்கிறார்கள் என்பது சில ஆய்வாளர்களின் வாதம். அந்த வண்டல் மண் சூட்டுக்குத் தானாக எளிதில் வெடிக்காது என்பதைத்தான் அவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள்.
வெளிச்சத்தையும் மறந்துவிடக் கூடாது. லாஸ்கோவில் கொழுப்பு எரித்த கல் விளக்குகள் கிடைத்திருக்கின்றன. அந்தச் சுடர் அசையும்போது சுவரின் மேடுபள்ளமும் அசையும். ஷோவேயில் எட்டுக் கால்களோடு ஓர் எருது இருக்கிறது. மின்விளக்கில் எடுத்த புகைப்படத்தில் அது வெறும் விசித்திரம். ஆடும் சுடரில் ஓடியிருக்கும்.

மலையருவி:
வெளிச்சம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், நான் அப்படி யோசித்ததில்லை. ஆனால் வெடிக்க வைத்தார்கள் என்பது ஒரு கருத்து மட்டுமே. அதே இடத்தில் 1925இல் கிடைத்த பெண்ணுருவத்தைப் பாருங்கள். கண்ணுக்குச் சாய்ந்த இரண்டு கீற்று, உச்சந்தலையில் நான்கு துளை, முதுகில் சதை மடிப்பு. நெருப்பில் சிதறப் போகிற மண்ணுக்கு எதற்கு இத்தனை கவனம்? செய்தவருக்கு அந்த வடிவத்தின் மேல் ஆசை இருந்திருக்கிறது. அந்த ஆசைக்குக் கலை என்பதைவிடப் பொருத்தமான சொல் என்னிடம் இல்லை.

செங்காவி:
ஆசை இருந்தது, சரி. யாருக்காக என்பதே என் கேள்வி. ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008இல் கிடைத்த பெண்ணுருவம் மாமூத் (அழிந்துபோன, ரோமம் அடர்ந்த யானையினம்) தந்தத்தில் செதுக்கியது, சுமார் 6 செ.மீ. தலை இருக்க வேண்டிய இடத்தில் சின்ன வளையம். கோத்து உடம்பில் அணிந்திருக்க வேண்டும். நமக்குக் கிடைக்கும் படங்களிலோ தனியாக, கறுப்புப் பின்னணியில் நிற்கிறது. ஒருவர் நெஞ்சில் தொங்கி, அவர் நடக்க நடக்க ஆடியிருந்தால் எதிரே வந்தவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அப்படிக் காட்டும் ஒரு படத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மலையருவி:
கிடைத்தால் இங்கே போடுங்கள். எனக்கும் பார்க்க வேண்டும்.