'இன்டர்வல்' காப்பர்-டி: தமிழில் என்ன சொல்லலாம்?

மதுரையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். அரசு மருத்துவமனைகளின் குடும்பநலப் பதிவேட்டைத் தமிழாக்கும்போது ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி எப்போது போடப்பட்டது என்பதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: போஸ்ட்பார்ட்டம் (பிரசவத்தை ஒட்டி), போஸ்ட்-அபார்ஷன் (கரு கலைந்ததை அல்லது கலைத்ததை ஒட்டி), இன்டர்வல் (இரண்டையும் ஒட்டாமல்). அகராதியைப் பார்த்து மூன்றாவதை 'இடைவெளி காப்பர்-டி' என்று எழுதினால் குழப்பம்தான். 'இடைவெளி முறை' என்பது குழந்தைகளுக்கிடையே காலம் விடும் முறைகளுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். அப்படிப் பார்த்தால் எல்லாக் காப்பர்-டியும் இடைவெளிதான். அறுவைக்குப் போனால் இன்னும் கூத்து: 'இடைவெளிக் குடும்பநல அறுவை'யாம். பிள்ளைப்பேற்றை நிரந்தரமாக நிறுத்தும் அறுவையில் இடைவெளி ஏது?

என் பரிந்துரை: 'பிரசவத்துக்குப் பின்', 'பிரசவம் சாராத'.

கோவையிலிருந்து:

'பிரசவத்துக்குப் பின்' சரிவராது ஐயா. 6 வாரம் கழித்து வந்து போட்டுக்கொள்வதும் பிரசவத்துக்குப் பின்தானே? ஆனால் அது இன்டர்வல். நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள், அல்லது சிசேரியனில் கருப்பையைத் தைத்து மூடுமுன், அல்லது பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டால்தான் போஸ்ட்பார்ட்டம். 48 மணி தாண்டிவிட்டால் 6 வாரம் வரை போடவே கூடாது; கருப்பை சுருங்கிக்கொண்டிருக்கும் காலம் அது. 'பின்' என்ற சொல் அந்த விலக்கப்பட்ட காலத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. படிவம் நிரப்புபவர் பத்தாம் நாள் வந்தவருக்கும் அந்தக் கட்டத்தில் டிக் போடுவார்.

செய்முறையும் வேறு. இன்டர்வலில் கருப்பை 6 முதல் 8 செ.மீ. வரைதான் இருக்கும். சவுண்ட் கம்பியால் ஆழம் பார்த்து, காப்பர்-டியைச் செலுத்தும் குழாயிலுள்ள நீல வளையத்தை அந்த அளவுக்கு நகர்த்தி உள்ளே விடுவார்கள். பிரசவமான கருப்பையோ தொப்புள் அளவுக்கு நிற்கும், குழாய் எட்டாது. நீளமான கெல்லி இடுக்கியால் காப்பர்-டியைப் பிடித்து, மற்றொரு கையை அடிவயிற்றில் வைத்துக் கருப்பையை மேலே தள்ளி, வளைவை நிமிர்த்தி, உச்சியைத் தொடும்வரை கொண்டுபோக வேண்டும். திரும்ப எடுக்கும்போது இடுக்கியைச் சற்றுத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மூடி இழுத்தால் காப்பர்-டியில் தொங்கும் நூல் சிக்கி, வைத்ததும் கூடவே வந்துவிடும். போட்டு முடித்ததும் கருப்பை வாயில் நூல் தெரிந்தால் உச்சிக்குப் போகவில்லை என்று பொருள். எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டியதுதான்.

6 வாரப் பரிசோதனையில்தான் தவறான டிக் வினையாகும். இன்டர்வலில் போட்டு நூல் காணவில்லை என்றால் நழுவிவிட்டதா, கருப்பையைத் துளைத்துவிட்டதா என்று உடனே தேட வேண்டும். பிரசவத்தோடு போட்டதில் நூல் இறங்கத் தாமதமாவது சகஜம்; ஸ்கேனில் இடம் பார்த்து உறுதிசெய்தால் போதும். காசுக் கணக்கும் உண்டு: ஒன்றிய அரசுத் திட்டத்தில் பிரசவத்தோடு போட்டுக்கொண்டால் பெண்ணுக்கு 300 ரூபாய், போட்டவருக்கு 150. இன்டர்வலுக்கு இந்தத் தொகை கிடையாது.

'பேற்றுடன்' என்று வைக்கலாமா?

சென்னையிலிருந்து:

'பேற்றுடன்' நன்று. சோற்றுடன், வீட்டுடன் போல இயல்பான புணர்ச்சி. 'பேறுகால' என்று போகாமல் விட்டதும் நல்லது. கர்ப்பகாலத்தையும் பேறுகாலம் என்றே மக்கள் சொல்கிறார்கள். 'பேற்றுடன் காப்பர்-டி' என்று பெயர்ச்சொல்லோடு ஒட்டினால் மட்டும் நொண்டுகிறது. பதிவேட்டில் கட்டத்தின் தலைப்பே 'எப்போது?' என்றால் வினையடையாக நின்றுகொள்ளும்.

ஆனால் மதுரை சொன்ன 'பிரசவம் சாராத' என்பதை ஏற்க முடியவில்லை. அபார்ஷனுக்குப் பிறகு போடுவதும் பேறு சாராததுதானே? மூன்று கட்டங்களில் இரண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. இன்டர்வல் என்பது எதையும் ஒட்டி வராமல், கர்ப்பம் இல்லை என்று தெரிந்தபின் அந்தப் பெண் தனக்கு வாய்த்த நேரத்தில் வந்து போட்டுக்கொள்வது. 'தனிவேளையில்' என்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். நடுவிலுள்ள கட்டத்தை 'கருக்கலைப்புடன்' என்று எழுதிவிடாதீங்கோ. எங்கட நாட்டில தாயின்ர உயிரைக் காப்பாத்துறதுக்கு மட்டும்தான் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான் இண்டைக்கும். தானாச் சிதைஞ்சு வாட்டில படுத்திருக்கிறவவின்ர அட்டையில 'கலைப்பு' எண்டு எழுதினா அவவுக்குப் பயம், எழுதின தாதிக்கும் சங்கடம். 'கருச்சிதைவு' எண்டாலோ, உங்கட பக்கம் சட்டப்படி கலைச்சவை விடுபட்டுப் போவினம். ரெண்டுக்கும் பொதுவா 'கருநீங்கலுடன்' எண்டு வைக்கலாம். நீக்கல் இல்லை, நீங்கல். ஆர் செய்தது எண்ட கேள்வி அதில வராது. 'தனிவேளை' எங்களுக்கும் விளங்கும்.

கோவையிலிருந்து:

'கருநீங்கலுடன்' எனக்குச் சம்மதம். இங்கே பெண்கள் இரண்டையுமே 'அபார்ஷன்' என்றுதான் சொல்கிறார்கள். பேச்சில் அதைத் திருத்தத் தேவையில்லை. வார்டில் விளக்கும்போதும் 'பிரசவத்தோட போடுறது', 'தனியா வந்து போடுறது' என்றாலே போதும். பதிவேட்டுச் சொல்லைப் பெண்ணிடம் ஒப்பிக்கிற பயிற்சியாளர்களைப் பார்த்தால்தான் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு கட்டம் கூட்டிக் கேட்கிறேன்: 'ஒப்புதல் எப்போது?' கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே எடுத்துச்சொல்லி, யோசிக்க நேரம் தந்து கேட்க வேண்டியது இது. வலி முற்றியபின் முதன்முறையாகக் கேட்டு வாங்கும் 'சரி'யை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்தாலோ, காய்ச்சலோடு தொற்று இருந்தாலோ, உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ, ஒப்புதல் இருந்தாலும் அன்று போடக்கூடாது. அதற்கும் ஒரு வரி விடுங்கள்.

மதுரையிலிருந்து:

ஏற்கிறேன். ஒரு சிக்கல் பாக்கி. பெண்களுக்கான குடும்பநல அறுவைக்குப் பேற்றை ஒட்டிய வரம்பு 7 நாள், காப்பர்-டிக்கு 48 மணி. ஒரே 'பேற்றுடன்' இரண்டுக்கும் வந்தால் ஐந்தாம் நாள் காப்பர்-டி போட வழி திறந்துவிடும். ஆகவே வரம்பைக் கட்டத்திலேயே அச்சிடுகிறோம்:

காப்பர்-டி எப்போது? பேற்றுடன், 48 மணிக்குள் / கருநீங்கலுடன் / தனிவேளையில், பேறு முடிந்து 6 வாரத்துக்குப் பின்.
அறுவை எப்போது? பேற்றுடன், 7 நாளுக்குள் / கருநீங்கலுடன் / தனிவேளையில்.
ஒப்புதல் எப்போது? கர்ப்பகாலத்தில் / வலி தொடங்கிய புதிதில் / பேறு முடிந்தபின்.
போடவில்லை எனில் காரணம்: ______

மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.