பொருள்: ரெப்பாசிட்டரிக்குத் தமிழில் களஞ்சியமா, கிடங்கா, பதிவகமா? (கைநூலுக்கு அவசரம்)

நாகர்கோவில்:
எல்லாருக்கும் வணக்கம். தமிழ்வழி டிப்ளமோ மாணவர்களுக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட், ஜாவா, பிஎச்பி, கோ, பெர்ல் ஆகிய நிரல்மொழிகளில் பேக்கேஜ்கள் (பிறர் எழுதிப் பகிரும் நிரல்கள்) எங்கே இருக்கின்றன, எதைக் கொண்டு நிறுவுகிறோம் என்று ஒப்பிடும் அத்தியாயம் மட்டும் பாக்கி. அவை இருக்கும் இடமான ரெப்பாசிட்டரிக்குக் களஞ்சியம் என்றே எழுதலாம்தான். ஆனால் முந்தைய அத்தியாயத்தில், மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டுக்கும் அதே சொல். 'களஞ்சியத்திலிருந்து நிறுவுக' என்று படித்த மாணவர் கிட் முகவரியைக் கொடுத்தால், பைத்தானின் நிறுவும் கருவியான பிப் மூலநிரலை இறக்கி அங்கேயே கட்டப் பார்க்கும். சி நிரல் கலந்த பேக்கேஜ் என்றால் ஜிசிசி என்ற கம்பைலரும் பைத்தான் ஹெடர் கோப்புகளும் இல்லாத கணினியில் பாதியில் நின்றுவிடும். பைத்தான் பேக்கேஜ்களின் பொது இருப்பிடமான பைபிஐயில் எடுத்தால் பெரும்பாலும் கட்டி முடித்த வீல் கோப்பே வரும்; விரித்து வைத்தால் வேலை முடிந்தது. இரண்டு இடம், இரண்டு விளைவு. இரண்டு சொல் வேண்டும். கூடவே 'பேக்கேஜ்': தொகுப்பா, பொதியா, சிப்பமா?

தக்கலை:
டீச்சர், பொதி என்றே போடுங்க. தொகுப்பு ஏற்கெனவே பாரம் தாங்காமல் கிடக்கிறது: கம்பைல் செய்வதும் தொகுப்பு, எடிட் செய்வதும் தொகுப்பு, கலெக்‌ஷனும் தொகுப்பு. 'தொகுப்பைத் தொகுக்க' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? பொதிக்கு இரண்டாயிரம் ஆண்டு வழக்கு இருக்கிறது. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்துச் சரக்குக் குவியல் 'பொதிமூடைப் போர்'. அதற்கு முந்தைய அடிகளில் சரக்கின் மேல் சோழன் புலி முத்திரை பொறிக்கப்படுகிறது. இன்றைக்கு ஒவ்வொரு கோப்புக்கும் பைபிஐ கொடுக்கும் ஷா-256 கைரேகையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹேஷ்) அந்த வேலையைத்தான் செய்கிறது: வழியில் யாராவது அவிழ்த்து மாற்றியிருந்தால் தெரிந்துவிடும். தேவைப் பட்டியலில் கைரேகைகளை எழுதி, 'ரிக்வயர் ஹேஷஸ்' தெரிவோடு பிப்பை ஓட்டினால் ஒரு எழுத்து மாறினாலும் நிறுவாது. ஹேஷுக்குப் 'பொறி' என்றே வைக்கலாம்.

மார்த்தாண்டம்:
பொறி என்றால் எஞ்சின், எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி. தயவுசெய்து அந்த வழி வேண்டாம். சிப்பம் நல்ல சொல், அரிசிக் கடைக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நம்ம பக்கம் 'இலையில பொதிஞ்சு குடு' என்பது இன்றும் வாயில் வருகிறது. வினையாகவும் நிற்கும், பெயராகவும் நிற்கும். 'நிரலைப் பொதிந்து வெளியிடு' என்று எழுதலாம். சிப்பத்தை அப்படி வினையாக்க முடியாது. பொதிக்கு என் ஓட்டு.

குளச்சல்:
இடத்துக்குக் கிடங்கு. நம்ம ஊர் வாயில் கிட்டங்கி. 'கிட' என்ற வேரிலிருந்து வருவது; சரக்கு கிடக்கும் இடம். சங்கப் பாடல்களில் கிடங்கு என்றால் அகழி. அதாவது நீர் கிடக்கும் பள்ளம். மலாய்மொழியின் 'குடாங்', ஆங்கிலத்தின் 'கோடவுன்' இரண்டுமே இங்கிருந்து கப்பலேறிய சொற்கள் என்பது பலர் கருத்து; தெலுங்கின் 'கிட்டங்கி'யைக் காட்டுவோரும் உண்டு. போன சொல் 'குடோன்' என்று திரும்பி வந்து நம் பெயர்ப்பலகைகளில் உட்கார்ந்திருக்கிறது. அதை அதன் பழைய உருவிலேயே எடுத்துக்கொள்வோம்.

அருமனை:
அண்ணாச்சி, வேர் சரி, பொருள் எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. அத்தியாயத்தில் உள்ள மொழிகளை ஒவ்வொன்றாக எடுப்போம். 1995-இல் வந்த, பெர்ல் மொழியின் சிபான், பெயரிலேயே ஆவணக் காப்பகம். ஆசிரியர் நீக்கியவையும் பேக்பான் என்ற தனி இடத்தில் இருக்கும். பைபிஐ, பெயரில் அட்டவணை என்று சொல்லிக்கொண்டாலும் கோப்புகளையும் தானே வைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம்மும் ரஸ்டின் கிரேட்ஸ்.ஐஓவும் தங்களைப் பதிவகம் (ரெஜிஸ்ட்ரி) என்று அழைத்தாலும் சரக்கை வைத்திருப்பவையே. ஜாவாவின் மேவன் சென்ட்ரல் உண்மையான கிடங்கு. உள்ளே போனதை நீக்க முடியாது. இதுவரை உங்கள் சொல் நிற்கும்.

பிஎச்பியில் உடைகிறது. அதன் பட்டியலான பேக்கஜிஸ்டில் பொதியே கிடையாது. பெயர், பதிப்பு, சார்புகள் (அதற்குத் தேவையான பிற பொதிகள்), மூலம் இருக்கும் கிட் முகவரி மட்டும் இருக்கும். பிஎச்பியின் நிறுவும் கருவியான கம்போசர் அந்த விவரத்தைப் படித்துவிட்டு ஜிப் கோப்பைப் பெரும்பாலும் கிட் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து இழுக்கும். அதனால் பேக்கஜிஸ்ட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆசிரியர் தன் கிட் களஞ்சியத்தை அழித்துவிட்டால் நிறுவல் விழும். 'கிடங்கில் இருக்கிறதே, ஏன் வரவில்லை?' என்று மாணவர் கேட்பார். கோ மொழியில் பதிவேடுகூட இல்லை: பொதியின் பெயரே அதன் முகவரி. 1.13 பதிப்பிலிருந்து கூகுளின் இடைவழங்கி (ப்ராக்சி) ஒன்று முன்னிருப்பாக நடுவில் நின்று நகல் வைத்துக்கொள்கிறது, கைரேகைத் தரவுத்தளம் தனியாக இருக்கிறது. யாரும் எதையும் போய் ஒப்படைப்பதில்லை. ஆகவே பொதுச்சொல் 'பதிவகம்'. சரக்கும் சேர்ந்திருந்தால் மட்டும் கிடங்கு.

குளச்சல்:
தம்பி, பதிவகம் என்றதும் நம்ம பிள்ளைகளுக்குப் பத்திரப் பதிவு அலுவலகம்தான் நினைவு வரும். கோவுக்கு ஒரு அடிக்குறிப்பு எழுதினால் போதாதா?

அருமனை:
பத்திரப் பதிவு நினைவு வந்தால் நல்லதுதான். அங்கே நிலம் இருப்பதில்லை, யாருடையது என்ற விவரம் இருக்கிறது. பேக்கஜிஸ்டும் அதுவே. நீக்கும் விதிகளிலும் இந்த வேறுபாடு தெரியும். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரிப் பொதியை அதன் ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து எடுத்ததும் உலகெங்கும் நிரல் கட்டுமானங்கள் பாதியில் நின்றன. அதன்பிறகே நீக்கக் கட்டுப்பாடு வந்தது. இப்போது வெளியிட்டு 72 மணி நேரத்துக்குள், வேறு பொதி எதுவும் சார்ந்திராவிட்டால் எடுக்கலாம், பிறகு நிபந்தனை கூடும். ரஸ்டின் கருவியான கார்கோவில் 'யாங்க்' செய்தால் பொதி இருந்த இடத்திலேயே இருக்கும்: அதைக் குறித்த பழைய பூட்டுக் கோப்பு (எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு என்று எழுதிவைக்கும் கோப்பு) வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும், புதிதாகத் தேடுபவர்களுக்கு வராது. அதற்கு 'விலக்கிவைத்தல்' என்று எழுதுங்கள், 'நீக்கல்' வேண்டாம்.

கொட்டாரம்:
கருவியின் பெயரையும் பேசுங்க. பேக்கேஜ் மேனேஜரைப் 'பொதி மேலாளர்' என்று பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. அர் விகுதி உயர்திணைக்கு. உலாவி, செயலி, நிறுவி என்று இகர விகுதியில் கருவிப்பெயர் அமைப்பது நிலைபெற்றுவிட்டதே. மேலாளி?

தக்கலை:
தொழிலாளியும் முதலாளியும் இகரத்தில்தான் முடிகிறார்கள், இரண்டு பேரும் மனிதர்கள். 'பொதியாள்வி' என்றால்?

மார்த்தாண்டம்:
பொதியாள்வியை வகுப்பில் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்க, பிறகு முடிவெடுங்க. நிறுவி போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிப்பும் கார்கோவும் ஒரே இனமில்லை. பிப் நிறுவும், அவ்வளவே. திட்டத்தின் கோப்பில் எதையும் எழுதிவைக்காது. சூழல் ஒன்றில் ஒரு பொதிக்கு ஒரே பதிப்புதான். கார்கோவும் என்பிஎம்மும் திட்டக் கோப்பைத் திருத்தும், பூட்டுக் கோப்பு எழுதும், தேவைப்பட்டால் ஒரே பொதியின் இரண்டு பதிப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும். கார்கோவில் வெறுமனே 1.2.3 என்று எழுதினாலே 1.2.3 முதல் 2.0.0-க்குக் கீழுள்ள எதையும் எடுத்துக்கொள்ளும் என்று பொருள்; 0.2.3 என்றால் 0.2.3 முதல் 0.3.0-க்குக் கீழ் வரை. பைத்தானில் இரட்டைச் சமக்குறி போட்டால் அந்தப் பதிப்பு மட்டுமே. இந்த இடத்தில்தான் மாணவர் வழுக்குவார்.

ஆய்வகத்துக்கும் ஒரு பத்தி சேருங்க டீச்சர். லினக்ஸ் வகைகளான டெபியன் 12-இலும் உபுண்டு 24.04-இலும் பிப்பை நேராக ஓட்டினால் 'இச்சூழலை வேறொன்று நிர்வகிக்கிறது' என்று பிழை காட்டி நின்றுவிடும். பைத்தான்3-வென்வ் என்ற பொதியை அந்த லினக்ஸின் நிறுவியான ஆப்ட் வழியாக முதலில் போட்டு, திட்ட அடைவில் தனிச்சூழல் உருவாக்கி, அதைச் செயல்படுத்திய பிறகே நிறுவ வேண்டும். மழையில் இணையம் போகும் இடமென்றால் முன்னதாகப் 'பிப் டவுன்லோட்' செய்து ஒரு கோப்புறையில் வைத்து, 'நோ இன்டெக்ஸ்', 'ஃபைண்ட் லிங்க்ஸ்' தெரிவுகளோடு நிறுவலாம். இறக்கும் கணினியிலும் ஆய்வகக் கணினியிலும் பைத்தான் பதிப்பு ஒன்றாக இருக்கட்டும். டெபியன் 12-இல் 3.11, உபுண்டு 24.04-இல் 3.12. 3.11-க்கென்று கட்டிய வீலை 3.12 தொடாது, 'பொருந்தும் வெளியீடு இல்லை' என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது.

தக்கலை:
அந்த உள்ளூர்க் கோப்புறைக்கு ஒரு சொல் வேண்டும். மேவன் தன் வீட்டு அடைவிலுள்ள நகலையும் ரெப்பாசிட்டரி என்றே அழைக்கிறது. நாஞ்சில் நாட்டு வீடுகளில் நெல் வைக்கும் மரப்பத்தாயம் இருந்ததே. வெளியே இருப்பது கிடங்கு, வீட்டுக்குள் இருப்பது பத்தாயம்.

கொட்டாரம்:
எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விருதுநகர் தாண்டினால் புரியுமா?

நாகர்கோவில்:
நன்றி. இன்றிரவு பக்கங்களைக் கட்டியாக வேண்டும் என்பதால் பெரும்பான்மையை எடுத்துக்கொள்கிறேன்: பொதி, கிடங்கு, நிறுவி, பூட்டுக் கோப்பு, விலக்கிவைத்தல். முதல் முறை வரும் இடத்தில் பேக்கேஜ், ரெப்பாசிட்டரி என்று அடைப்புக்குள் தமிழ் எழுத்திலேயே இருக்கும். மேலாளரைத் தவிர்த்து 'நிறுவிப் பராமரிக்கும் கருவி' என்று விரித்து எழுதுகிறேன். உள்ளூர் நகலுக்கு 'உள்கிடங்கு'. டிபெண்டன்சிக்குச் 'சார்பு' என்று மட்டும் எழுதினால் பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்த சார்போடு மோதும், அதனால் 'சார்புப்பொதி'.

அருமனை:
டீச்சர், பேக்கஜிஸ்ட் வரிசையில் கிடங்கு என்று அச்சாகக் கூடாது, அது தகவல் பிழை. அந்தக் கட்டத்தில் 'பதிவேடு. கோப்புகள் கிட் களஞ்சியத்தில்' என்றும், கோவுக்கு 'தனி இடமில்லை. இடைவழங்கி' என்றும் போடுங்கள். மற்ற ஐந்துக்கும் கிடங்கு இருக்கட்டும். அடுத்த பதிப்பின்போது பதிவகத்துக்காக மறுபடியும் எழுதுவேன்.