'லீட்' என்பதற்கு ஒரு சொல் போதாது: கல்லூரிச் சேர்க்கை விளம்பரக் கலைச்சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பெற்றோருக்கான சேர்க்கை வழிகாட்டிக் கையேட்டில் 'லீட்' என்பதை, அதாவது சேரக்கூடும் என்று கல்லூரி அழைத்துப் பேசும் ஒருவரின் தொடர்பு விவரத்தை, தமிழில் எப்படி எழுதுவது என்று தொடங்கிய இந்த இழையில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: முன்னணி, வாய்ப்பாளர், இலக்கு மாணவர், விசாரிப்பாளர். 'முன்னணி' இயந்திர மொழிபெயர்ப்பு தந்தது, அதை விட்டுவிடலாம். மற்ற மூன்றையும் எடைபோடும் முன், இந்தச் சொல் எந்த இடத்தில் எதற்குப் புழங்குகிறது என்று பார்த்துவிடுவோம். அகராதியிலிருந்து தொடங்கினால் ஆங்கிலச் சொல்லுக்கு விளக்கம்தான் எழுதிக்கொண்டிருப்போம்.

தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரி ஒன்றில் 65 விழுக்காடு இடங்கள் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வுக்குப் போகும். மீதி 35 விழுக்காடு நிர்வாக ஒதுக்கீடு. அதைக் கல்லூரியே நிரப்பிக்கொள்ள வேண்டும். கலந்தாய்வுக்குக் கொடுத்த இடங்களும் தானாக நிரம்பிவிடுவதில்லை, மாணவர் விருப்பப் பட்டியலில் கல்லூரியின் பெயர் மேலே வந்தால்தான் உண்டு. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. அதற்கு முன் குடும்பமே சென்னைக்கு வந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கும். இப்போது வீட்டில் உட்கார்ந்து செல்பேசியிலேயே தேர்வு செய்கிறார்கள். அந்தச் செல்பேசிக்குள் போய்ச் சேருவதற்குத்தான் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் விளம்பரங்கள், வாட்ஸ்அப் செய்திகள், தொலைபேசியில் அழைத்துப் பேசும் டெலிகாலர்கள் எல்லாம்.

இதில் 'லீட்' என்று எதைச் சொல்கிறார்கள்? பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட ஒரு வரியை. விசாரிப்பவர்களின் விவரங்களைப் பதிந்து தொடரும் கல்லூரியின் சிஆர்எம் மென்பொருளில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'ஆர்வம் உண்டு', 'எடுக்கவில்லை', 'மறுபடி அழைக்க', 'வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டார்' என்று நிலை குறித்துக்கொண்டே போவார்கள். ஆனால் அந்த வரி உள்ளே வந்த வழி ஒன்றல்ல, பல.

ஒருவர் கல்லூரி வலைத்தளத்துக்குப் போய், கட்டணமும் விடுதியும் பற்றிக் கேட்டுத் தம் எண்ணைத் தருகிறார். இது ஒரு வழி. இன்னொருவர் ஃபேஸ்புக்கில் விளம்பரத்தைத் தொடுகிறார். திறக்கும் படிவத்தில் பெயரும் எண்ணும் அவருடைய கணக்கிலிருந்து ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. இரண்டு தட்டில் எண் போய்விட்டது. மூன்றாவது வழியைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். 'உங்கள் கட்-ஆஃப் எவ்வளவு?' என்று ஒரு பக்கம். மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 என்று இடுகிறாள். விடை வருவதற்கு முன் செல்பேசி எண் கேட்கும் பெட்டி வருகிறது. கட்-ஆஃப் என்பது கணித மதிப்பெண் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக: 92, 44, 42, ஆக 178. தாளில் அரை நிமிடத்தில் போடக்கூடிய கூட்டல்! அதற்கு விலையாக அவள் எண் போகிறது. நான்காவது வழி, யாரோ தொகுத்த எண்பட்டியலை மொத்தமாக வாங்குவது. அந்தப் பட்டியலில் இருப்பவர் எதையும் தொடவும் இல்லை, கேட்கவும் இல்லை.

நான்கையும் துறையினர் 'லீட்' என்றே சொல்கிறார்கள். அவர்கள் வேலைக்கு அது போதும், அழைப்பதற்கு ஓர் எண் வேண்டும், அவ்வளவுதான். நம் கையேட்டைப் படிப்பவரோ அழைப்பின் மறுமுனையில் இருப்பவர். 'என் மகளின் எண் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?' என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இந்தக் கேள்விக்கு இடம் தராத சொல்லை நாம் ஆக்கக் கூடாது.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> இலக்கு மாணவர் என்பது சுருக்கமாக, உடனே புரிகிறது.

புரிகிறது, ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, லீட் பல நேரம் மாணவரே அல்ல. பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கு அவர்களுடைய விருப்பங்களை வைத்துக் குறிபார்த்து விளம்பரம் செய்வதை மெட்டாவும் கூகுளும் 2021 முதல் கட்டுப்படுத்தியிருக்கின்றன. பிளஸ் டூ முடிப்பவர் பெரும்பாலும் பதினேழு வயதுக்காரர். ஆகவே விளம்பரங்கள் நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெற்றோரையும் தேடிப் போகின்றன. படிவத்தில் விழுவது அப்பாவின் எண்ணாக இருக்கலாம். இரண்டாவது தடை, 'இலக்கு' என்ற சொல் படிக்கிற பெற்றோரின் பிள்ளையைக் குறிபார்க்கப்படும் பொருளாக்கிவிடுகிறது. விற்பனைக் கூட்டத்தில் அது செல்லலாம், நம் கையேட்டில் வேண்டாம்.

'வாய்ப்பாளர்' நல்ல ஓசையுள்ள சொல்தான். ஆனால் வாய்ப்பு யாருக்கு? கல்லூரிக்குக் கிடைத்த வாய்ப்பு என்று தமிழில் யாரும் படிக்கமாட்டார்கள். வாய்ப்பைப் பெற்றவர் என்றே படிப்பார்கள். இடம் கிடைத்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிடும்.

'விசாரிப்பாளர்' எனக்குப் பிடித்திருக்கிறது. 'நாலு இடத்துல விசாரிச்சோம்' என்று நம் வீடுகளில் சொல்லுவதுதானே. எழுத்தில் மட்டும் காவல் நிலைய வாடை கொஞ்சம் வருகிறது. இதைவிடப் பொருத்தமாக ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறேன். அரசின் வேலைவாய்ப்பு முகாம் அறிவிப்புகளில் 'வேலைநாடுநர்கள் கலந்துகொள்ளலாம்' என்று வரும். பெறுநர், ஓட்டுநர், இயக்குநர் வரிசையில் இயல்பாக அமைந்த சொல். அதே அச்சில் சேர்க்கைநாடுநர் என்று வைக்கலாம். முதல் தடவைக்குப் பிறகு நாடுநர் என்றாலே போதும். மாணவராகவும் இருக்கலாம், பெற்றோராகவும் இருக்கலாம்.

ஆனால் நாடுநர் என்றால் நாடியிருக்க வேண்டும். மேலே சொன்ன நான்கு வழியில் முதல் வழியில் வந்தவர் மட்டுமே ஐயமில்லாமல் நாடுநர். கட்-ஆஃப் கணக்கிட்ட மாணவி நாடியது தன் மதிப்பெண்ணை, கல்லூரியை அல்ல. பட்டியலில் வாங்கப்பட்டவர் எதையுமே நாடவில்லை. இவர்களையும் நாடுநர் என்று எழுதினால், அவர்கள் தராத சம்மதத்தைச் சொல்லே தந்துவிடும்.

இது வெறும் சொல்நுட்பம் அல்ல. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரத்தையும் தடுக்கிறது. நாளைக்கு ஒரு கல்லூரியின் தமிழ்ப் படிவத்தில் 'நாடுநர் விவரம்' என்று தலைப்பு இருந்தால், கையெழுத்திடும் பெற்றோர் தாமாக வந்ததாகவே எழுதிக்கொடுத்தது ஆகிவிடும்.

அதனால் என் முன்மொழிவு இரண்டு சொல். மென்பொருளில் இருக்கும் அந்த வரிக்கு, அது எப்படி வந்திருந்தாலும், தொடர்புப்பதிவு. தாமாகக் கேட்டு வந்த மனிதருக்கு நாடுநர். 'எங்களிடம் ஐயாயிரம் லீட் இருக்கிறது' என்று விளம்பர நிறுவனம் கல்லூரியிடம் சொன்னால், தமிழில் 'ஐயாயிரம் தொடர்புப்பதிவுகள். அவற்றில் நாடுநர் எத்தனை பேர்?' என்று கேட்க முடியும். இந்தக் கேள்வி கல்லூரிக்கும் நல்லது. எண்ணுக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பது அவர்கள்தான்.

'லீட் ஜெனரேஷன்' என்பதற்கு 'உருவாக்கம்' வேண்டாம். எண் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் அதை உருவாக்குவதில்லை. நிதி திரட்டுகிறோம், ஆதரவு திரட்டுகிறோம். அப்படியே தொடர்பு திரட்டல்.

மற்றவை விரைவாக. ஃபனல் (பலர் விசாரித்து, படிப்படியாகக் குறைந்து, சிலர் சேர்வது): சேர்க்கைப் புனல், இதில் மாற்றுக் கருத்து இருக்காது என்று நினைக்கிறேன். ரீடார்கெட்டிங் (ஒருமுறை வந்து பார்த்தவருக்கே மறுபடி விளம்பரம் காட்டுவது): பின்தொடர் விளம்பரம். கன்வர்ஷன் ரேட்: 'மாற்ற விகிதம்' என்றால் எது எதுவாக மாறியது என்றே தெரியாது, சேர்ந்தோர் விகிதம் என்போம். லேண்டிங் பேஜுக்கு 'இறங்கு பக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். விளம்பரத்தைத் தொட்டதும் வரும் பக்கம் என்பதால் 'வரவேற்புப் பக்கம்' என்றே எழுதலாமே.

> டெலிகாலர்கள் எப்படியும் லீட் என்றுதான் பேசப் போகிறார்கள்.

பேசட்டும். அலுவலகப் பேச்சை நாம் மாற்றப் போவதில்லை. 'புலனம்' எவ்வளவு பரப்பினாலும் வாட்ஸ்அப் வாட்ஸ்அப்பாகவே நிற்கிறது, 'செயலி' யாரும் வற்புறுத்தாமலே நிலைத்துவிட்டது. நமக்கு வேண்டியது அச்சில், படிவத்தில், ஆசிரியர் மாணவருக்கு விளக்கும்போது தடுமாறாத சொல். கையேட்டில் முதல் இடத்தில் 'தொடர்புப்பதிவு, அதாவது கல்லூரிகள் லீட் என்று சொல்வது' என்று எழுதிவிட்டு அப்புறம் தமிழிலேயே போகலாம்.

ஒன்று மட்டும் இலங்கை நண்பர்கள் சொல்ல வேண்டும். அங்கே 'பல்கலைக்கழக அனுமதி' என்பதே வழக்கு. 'சேர்க்கை' அதே பொருளில் செல்லுமா? செல்லாதென்றால் தலைச்சொல்லை 'நாடுநர்' என்று மட்டும் பதிந்து, 'சேர்க்கைநாடுநர்', 'அனுமதிநாடுநர்' இரண்டையும் வட்டார வடிவங்களாகக் கீழே தரலாம்.

அன்புடன்.